முதல் மேசையிலேயே நீதி வேண்டும்

2025 ஜூலை 1 மாலை. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையில், மாற்றுத்திறனாளிகளுக்கும் நோயாளிகளுக்கும் தரப்படும் உதவித்தொகையைக் குறைக்கும் மசோதா விவாதத்தில் இருந்தது. ஆளும் தொழிற்கட்சியிலேயே 120-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அதை எதிர்த்து முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்தார்கள். வாக்கெடுப்புக்குச் சற்று முன்பு அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து, மசோதாவின் மிகக் கடுமையான பிரிவைக் கைவிடுவதாக அறிவித்தார். மாற்றுத்திறனாளிகளையும் அவர்களது அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு முழுமையான மறுஆய்வு நடத்திய பிறகே தகுதி விதிகளில் கை வைப்போம் என்றார். அதன் பிறகும் தொழிற்கட்சி உறுப்பினர்கள் 49 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். மீதி மசோதா 335-க்கு 260 என்ற கணக்கில் தப்பியது.

டிம்ஸ் தலைமையிலான அந்த மறுஆய்வு 2026 இலையுதிர் காலத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது கெடு. அது எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே இப்போதைய கேள்வி. அரசுக் கருவூலத்தின் கணக்கிலிருந்து தொடங்கினால் பழைய கதையே தொடரும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயங்களில் ஒவ்வொரு நாளும் வெளிப்படும் உண்மையிலிருந்து தொடங்க வேண்டும். உதவித்தொகை மறுக்கப்பட்டு, விடாமல் போராடித் தீர்ப்பாயத்தின் விசாரணை வரை சென்றவர்களில், அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் வென்றிருக்கிறார்கள். விசாரணைக்கு வரும் முடிவுகளில் இவ்வளவு பெரும் பங்கு கவிழ்கிறது என்றால், கோளாறு விண்ணப்பதாரர்களிடம் இல்லை. முடிவெடுக்கும் முறையில் இருக்கிறது.

எட்டுப் புள்ளிக்கு ஒரு வாழ்க்கை

விவாதத்தின் மையத்தில் இருப்பது, பிஐபி என்று எல்லோரும் அழைக்கும் தனிநபர் தற்சார்பு உதவித்தொகை. 1992 முதல் இருந்த மாற்றுத்திறனாளி வாழ்வுப்படிக்கு மாற்றாக 2013 ஏப்ரலில் உழைக்கும் வயதினருக்கு இது கொண்டுவரப்பட்டது. வேலை செய்கிறவருக்கும் உண்டு, செய்யாதவருக்கும் உண்டு. வருமான வரம்பு கிடையாது. உடற்குறையோ மனநோயோ உள்ளவருக்கு வாழ்க்கை நடத்தக் கூடுதலாகப் பணம் செலவாகிறது என்பதை ஏற்று, அந்தக் கூடுதல் செலவில் ஒரு பகுதியை அரசு சுமக்கிறது. 2025-26இல் அன்றாட வாழ்வுப் பிரிவின் சாதாரண விகிதம் வாரத்துக்கு 73.90 பவுண்டு, உயர் விகிதம் 110.40 பவுண்டு. நடமாட்டத்துக்குத் தனிப் பிரிவு உண்டு.

தகுதி புள்ளிகளால் அளக்கப்படுகிறது. சமைப்பது, சாப்பிடுவது, மருந்து எடுத்துக்கொள்வது, குளிப்பது, கழிப்பறை செல்வது, உடுத்துவது, பேசுவது, படிப்பது, மற்றவர்களுடன் பழகுவது, பணத்தைக் கையாள்வது என்று பத்துச் செயல்கள் அன்றாட வாழ்வுப் பிரிவில் உள்ளன. வழி கண்டுபிடித்துச் செல்வது, நடப்பது என்று இரண்டு செயல்கள் நடமாட்டப் பிரிவில் உள்ளன. ஒரு பிரிவில் எட்டுப் புள்ளி எடுத்தால் சாதாரண விகிதம். பன்னிரண்டு எடுத்தால் உயர் விகிதம்.

இந்த அளவுகோல் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்குக் குளியல் ஒன்றே போதும். இடுப்புக்குக் கீழே கழுவிவிட இன்னொருவர் தேவை என்றால் இரண்டு புள்ளி. தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட பகுதியைக் கழுவிவிட ஆள் தேவை என்றால் நான்கு புள்ளி. நடமாட்டத்தில் இருபது மீட்டருக்கு மேல் நடக்க முடியுமா என்பது உயர் விகிதத்துக்கும் சாதாரண விகிதத்துக்கும் இடையே கோடு கிழிக்கிறது. அந்தக் கோட்டின் தவறான பக்கத்தில் எழுதப்பட்டவர், நடமாட்டத் தொகையைக் கொண்டு வாடகைக்குக் கார் தரும் மோட்டாபிலிட்டி திட்டத்தில் வைத்திருந்த காரைத் திருப்பிக் கொடுக்க நேர்கிறது. பழைய படியிலிருந்து பிஐபிக்கு மாற்றப்பட்ட காலத்தில் பல்லாயிரக்கணக்கானோர் இப்படிக் கார்களை இழந்தார்கள்.

2025 மார்ச்சில் பணி, ஓய்வூதியத் துறை அமைச்சர் லிஸ் கெண்டல் முன்வைத்த திட்டம் இதற்கு மேல் ஒரு நிபந்தனை போட்டது. எட்டுப் புள்ளி இருந்தால் மட்டும் போதாது. ஏதாவது ஒரு செயலிலேனும் நான்கு புள்ளி எடுத்திருக்க வேண்டும். சமைக்கவும் குளிக்கவும் உடுத்தவும் கழிப்பறை செல்லவும் துணைக்கருவி தேவைப்படுகிற ஒருவருக்கு, செயலுக்கு இரண்டாக எட்டுப் புள்ளி கிடைக்கிறது. இன்று அவருக்கு உதவித்தொகை உண்டு. அந்தத் திட்டம் நிறைவேறியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. 2029-30க்குள் சுமார் 8 லட்சம் பேர் அன்றாட வாழ்வுத் தொகையை இழப்பார்கள், மொத்தச் சீர்திருத்தத்தால் இரண்டரை லட்சம் பேர் வறுமைக்குள் விழுவார்கள் என்று அரசே மதிப்பிட்டிருந்தது. ஜூலை 1 அன்று கைவிடப்பட்டது இந்தப் பிரிவுதான்.

இலக்கு முதலில், அளவுகோல் பிறகு

இது முதல் முறை நடந்தது அல்ல. 2010இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் முதல் பட்ஜெட்டை வைத்தபோதே, வாழ்வுப்படிச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தார். அந்த இலக்கின் பிள்ளைதான் பிஐபி. 2016 பட்ஜெட்டில், துணைக்கருவி பயன்படுத்துவோரின் புள்ளிகளைப் பாதியாக வெட்டப் பார்த்தார். துறை அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் மார்ச் 18 அன்று பதவி விலகினார். சில நாள்களிலேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2025இல் ஆட்சி மாறியிருந்தது, பாதை மாறவில்லை. ஆண்டுக்குச் சுமார் 500 கோடி பவுண்டு மிச்சப்பிடிக்க வேண்டும் என்ற கணக்கு முன்னே வந்தது. நான்கு புள்ளி நிபந்தனை அதன் பின்னே வந்தது.

ஒரு மனிதருக்கு என்ன தேவை என்று பார்த்து அளவுகோல் வகுத்தால் அது சீர்திருத்தம். எத்தனை பேரைக் கழிக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு அதற்கேற்ப அளவுகோலை வளைத்தால் அது வெட்டு. வெட்டுக்கு நலச் சீர்திருத்தம் என்று பெயர் வைப்பதால் அதன் தன்மை மாறிவிடாது. 2016 நவம்பரில் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு, பிரிட்டனின் நல வெட்டுகளால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் கடுமையாகவும் அமைப்புரீதியாகவும் மீறப்படுகின்றன என்று முடிவுக்கு வந்தது. அரசு அதை ஏற்க மறுத்தது.

முதல் மேசையில் நடப்பது

விண்ணப்பதாரரைச் சந்தித்து மதிப்பிடுவது அரசு ஊழியர் அல்ல. ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர். அவர் செவிலியராகவோ பிசியோதெரபிஸ்டாகவோ மருத்துவ அவசர ஊர்தி ஊழியராகவோ இருக்கலாம். அவருக்கு எதிரே இருப்பவரின் நோய் பற்றிச் சிறப்பறிவு இருந்தாக வேண்டும் என்பதில்லை. அவர் எழுதும் அறிக்கையை வைத்து, விண்ணப்பதாரரைக் கண்ணாலும் காணாத துறை அலுவலர் முடிவெடுக்கிறார்.

2018இல் நாடாளுமன்றத்தின் பணி, ஓய்வூதியக் குழு இந்த முறையை ஆராய்ந்தது. ஃபிராங்க் ஃபீல்ட் தலைமையிலான அந்தக் குழுவுக்கு ஏறத்தாழ 4,000 பேர் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினார்கள். நடக்கவே சிரமப்படும் ஒரு பெண், தினமும் நாயுடன் நடைப்பயிற்சி போகிறார் என்று அறிக்கை சொன்னது. அவரிடம் நாயே கிடையாது. இன்னொருவர் நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழுந்தார் என்று எழுதப்பட்டிருந்தது. மதிப்பீடு முழுவதும் அவர் படுக்கையில் இருந்தார், அறையில் இருந்த ஒரே நாற்காலியில் மதிப்பீட்டாளர்தான் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பதாரர்களின் நம்பிக்கையை இந்த முறை இழந்துவிட்டது என்று கூறிய குழு, மதிப்பீடுகளை ஒலிப்பதிவு செய்யும்படி பரிந்துரைத்தது.

எல்லா மதிப்பீட்டாளரும் பொய் எழுதுகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், ஒரு மணி நேரச் சந்திப்பில் இந்த நோய்களை எப்படி அளக்க முடியும்? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர் திங்கள்கிழமை மாடி ஏறுவார், புதன்கிழமை படுக்கையை விட்டு இறங்கமாட்டார். மனச்சோர்வு உள்ளவர் கேள்விக்கெல்லாம் புன்னகையோடு பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் பேசாமல் கிடப்பார். சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு செயலைப் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க விதத்தில், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிந்தால்தான் அதைச் செய்ய முடியும் என்று கொள்ள வேண்டும் என்கின்றன விதிகள். பாதிக்கும் மேற்பட்ட நாள்களில் நிலை எப்படி என்றும் பார்க்க வேண்டும். ஒரு தடவை செய்ய முடிந்ததைப் பார்த்துவிட்டு முடியும் என்று எழுதிவிடும்போது, இந்த விதிகள் அனைத்தும் தாளில் நின்றுவிடுகின்றன.

வடிகட்டும் கதவு

மறுக்கப்பட்டவர் உடனே தீர்ப்பாயத்துக்குப் போய்விட முடியாது. 2013இல் கட்டாய மறுபரிசீலனை என்ற இடைக்கதவு போடப்பட்டது. மறுத்த அதே துறையிடம், ஒரு மாதத்துக்குள், மறுபடியும் பாருங்கள் என்று கேட்க வேண்டும். அதற்குத் துறை எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் காலக்கெடு இல்லை. விண்ணப்பதாரருக்குக் கெடு உண்டு; அரசுக்கு இல்லை.

இந்தக் கதவு எதற்காக என்பது 2017இல் வெளிப்பட்டது. மறுபரிசீலனைக்கு வரும் முடிவுகளில் 80 சதவீதம் மாறாமல் நிலைநிறுத்தப்பட வேண்டும் என்று துறைக்குள் செயல்திறன் அளவீடே இருந்தது என்பது தகவலுரிமைக் கேள்வி ஒன்றுக்குக் கிடைத்த பதிலில் தெரியவந்தது. கண்டனம் எழுந்த பிறகு அது கைவிடப்பட்டது. ஒவ்வொரு கோப்பையும் அதன் தகுதியில் பார்ப்பவருக்கு இத்தனை கோப்புகளை நிராகரிக்க வேண்டும் என்ற எண்ணிக்கை எதற்கு?

இதே 2013 ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. நல உதவி வழக்குகளுக்கான அரசின் சட்ட உதவி, உயர் நிலைத் தீர்ப்பாயம் போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. புதிய, சிக்கலான உதவித்தொகை அறிமுகமான மாதத்திலேயே, அதை எதிர்த்துக் கேட்பதற்கான துணையும் பறிக்கப்பட்டது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற தொண்டு அமைப்புகளின் வாசலில் கூட்டம் சேர்ந்தது.

தொகை நிறுத்தப்பட்டவருக்கு மேல்முறையீடு முடியும்வரை பிஐபி கிடைக்காது. காத்திருப்பு பல மாதங்கள். அவரைக் கவனித்துக்கொள்ளும் மனைவியோ மகனோ வாரத்துக்கு 35 மணி நேரம் பராமரிப்பதற்காகப் பெறும் பராமரிப்பாளர் படியும், அன்றாட வாழ்வுத் தொகையோடு கட்டப்பட்டிருப்பதால், கூடவே நின்றுபோகிறது. ஒரே கடிதத்தில் ஒரு வீட்டின் இரண்டு வருமானம் போகிறது. இந்த நிலையில்தான் ஒருவர் படிவம் நிரப்பி, மருத்துவரிடம் கடிதம் கேட்டு, சட்ட விதிகளைப் படித்து, அரசை எதிர்த்து நிற்க வேண்டும். பலர் இடைக்கதவிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

கேட்டால் தெரிகிறது

திரும்பாமல் சென்றவர்களுக்கு என்ன நடக்கிறது? முதல் நிலைத் தீர்ப்பாயத்தில் பெரும்பாலும் மூன்று பேர் அமர்கிறார்கள்: ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், மாற்றுத்திறன் பற்றிய அனுபவ அறிவு கொண்ட ஓர் உறுப்பினர். கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. குறுக்கு விசாரணை மேடை அல்ல அது. உண்மையைத் தேடிக் கேள்வி கேட்பது உறுப்பினர்களின் கடமை. காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? வாணலியைத் தூக்க முடியுமா? கடைசியாக எப்போது விழுந்தீர்கள்? அதன் பிறகு யார் தூக்கினார்கள்? இப்படிக் கேட்கிறார்கள். முடிவு எடுக்கப்பட்ட நாளில் அவர் நிலை என்னவாக இருந்தது என்பதையே அவர்கள் தீர்மானிக்க வேண்டும். ஏற்கெனவே கிடைத்த தொகையைக் குறைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எனவே இது கருணை மன்றம் என்று யாரும் சொல்ல முடியாது.

இங்கே முடிவு மாறுவதற்கு அடிக்கடி பதிவாகும் காரணம், விண்ணப்பதாரர் நேரில் தெளிவாகச் சொன்ன சாட்சியம். புதிய ஸ்கேன் அறிக்கையோ மறைத்து வைத்த ஆவணமோ பெரும்பாலும் தேவைப்படவில்லை. அதே மனிதர், அதே நோய், அதே சட்டம். காது கொடுத்துக் கேட்டார்கள் என்பதே வேறுபாடு. மேல்முறையீடு பதிவானதும், விசாரணைக்கு முன்பே துறையே தன் முடிவை மாற்றிக்கொள்ளும் வழக்குகளும் ஏராளம். நீதிமன்ற வாசலைத் தொட்ட பிறகு கொடுக்க முடிந்ததை முதலில் ஏன் கொடுக்கவில்லை?

மேல்முறையீடு தனி மனிதருக்கு மட்டும் நீதி தருவதில்லை. பிறருக்கும் சட்டத்தைத் தெளிவாக்குகிறது. வலிப்பு எப்போதாவதுதான் வருகிறது என்பதால் சமைப்பது பாதுகாப்பானது என்று துறை சொல்லிவந்தது. 2017இல் உயர் நிலைத் தீர்ப்பாயம், ஆபத்து எத்தனை தடவை வரும் என்பதோடு, வந்தால் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. கடும் மன உளைச்சலால் தனியாக வெளியே போக முடியாதவர்களுக்குக் கூடுதல் புள்ளி உண்டு என்று 2016இல் தீர்ப்பு வந்தபோது, அரசு 2017 மார்ச்சில் விதியையே மாற்றியது. அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி மோஸ்டின், அந்த மாற்றம் மனநோயாளிகளுக்கு எதிரான அப்பட்டமான பாகுபாடு என்று கூறி ரத்து செய்தார். அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டு, சுமார் 16 லட்சம் கோப்புகளை மறுபடியும் பார்க்க ஒப்புக்கொண்டது. 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மற்றவர்களுடன் பழகத் துணை தேவைப்படுவது என்றால் என்ன என்பதை விண்ணப்பதாரர் பக்கம் நின்று விளக்கியது. இவை எல்லாம் பெயர் வெளியிடப்படாத, எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் சாதாரண மனிதர்கள் தொடுத்த வழக்குகள். உடல்நலம் குன்றிய நிலையில் அவர்கள் போராடியதால் ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருக்கு வழி பிறந்தது.

செலவு என்னும் வாதம்

அரசுத் தரப்பு வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கரோனாவுக்குப் பிறகு புதிதாக பிஐபி பெறுவோர் எண்ணிக்கை வேகமாக உயர்ந்திருக்கிறது. குறிப்பாக இளைஞர்களிடம் மனநோய்க் காரணங்கள் கூடியிருக்கின்றன. செலவும் உயர்கிறது. எந்த அரசும் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. மொத்த முடிவுகளில் தீர்ப்பாயம் வரை செல்வது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. எனவே மேல்முறையீட்டு வெற்றியை வைத்து முறை முழுவதையும் குறைசொல்லக் கூடாது என்றும் அமைச்சர்கள் சொல்கிறார்கள்.

இந்த இரண்டாவது வாதம் ஒரு பெரிய உண்மையைத் தாண்டிப் போகிறது. மறுக்கப்பட்டவர்களில் மேல்முறையீடு செய்யாதவர்கள் எல்லோரும் முடிவை ஏற்றுக்கொண்டார்கள் என்று யார் சொன்னது? களைப்பும் பயமும் வறுமையும் அவர்களைத் தடுத்திருக்கின்றன. தீர்ப்பாயத்தை எட்டும் அளவுக்குத் தெம்போ துணையோ உள்ளவர்களுக்கு மட்டும் நீதி கிடைக்கிறது என்றால், மிகவும் நலிந்தவரே மிகவும் இழக்கிறார். முதல் வாதத்துக்கும் பதில் உண்டு. அரசின் சொந்த மதிப்பீட்டின்படி அண்மை ஆண்டுகளில் பிஐபியில் மோசடி நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆகவே, எண்ணிக்கை உயர்வதற்கு ஏமாற்று காரணம் இல்லை, நோய் கூடியிருக்கிறது. நோய் கூடினால் மருத்துவமனைக் காத்திருப்பைக் குறைக்க வேண்டும், மனநலச் சேவையைப் பெருக்க வேண்டும், மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற வேலையிடங்களை உருவாக்க வேண்டும். தகுதிக் கோட்டை நகர்த்தினால் நோயாளியின் பெயர் பட்டியலிலிருந்து போகும், நோய் போகாது.

பிஐபி பிரிவு கைவிடப்பட்டாலும், 2025 செப்டம்பரில் சட்டமான மீதி மசோதா ஒரு வெட்டைச் செய்திருக்கிறது. வேலை செய்ய இயலாத நோயாளிகளுக்கு, குறைந்த வருமானத்தினருக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவியில் கிடைக்கும் வாரத்துக்குச் சுமார் 97 பவுண்டு கூடுதல் தொகை, 2026 ஏப்ரலுக்குப் பிறகு வரும் புதியவர்களில் பெரும்பாலோருக்குச் சுமார் 50 பவுண்டாகிறது. மறுஆய்வு முடியும் முன்பே நடந்துவிட்ட வெட்டு இது.

பக்கத்திலேயே ஒரு வழி

மாற்று வழி கடல் கடந்து எங்கும் இல்லை. அதே தீவில், ஸ்காட்லாந்தில் இருக்கிறது. அங்கே 2022இல் பிஐபிக்குப் பதிலாக வயதுவந்தோர் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வந்தது. புள்ளி முறை பெரும்பாலும் அதுவே. ஆனால், தனியார் நிறுவன மதிப்பீடு கிடையாது; பொது அமைப்பே பொறுப்பு. மறுபரிசீலனை கேட்டால் பதில் சொல்ல அரசுக்கும் காலக்கெடு உண்டு. அது தவறினால் விண்ணப்பதாரர் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, பெற்றுவந்த தொகையைக் குறைத்தோ நிறுத்தியோ வந்த முடிவை ஒருவர் எதிர்த்தால், வழக்கு முடியும்வரை பழைய அளவு குறையாமல் இடைக்கால உதவி கிடைக்கிறது. நீதி கேட்பதற்காக யாரும் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் வாழும் தமிழர்களுக்கும் இது தொலைவான விவகாரம் அல்ல. போரில் கை கால் இழந்தும், சித்திரவதையின் தழும்புகளோடும், இரவுகளில் தூக்கம் வராமலும் ஈழத்திலிருந்து வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆங்கிலக் கடிதத்தில் இல்லை என்று வந்துவிட்டால் அதோடு முடிந்தது என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் மறுத்தால், அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு எழுதுங்கள். கோப்பைப் பார்த்தே முடிவு செய்யச் சொல்லாமல் நேரில் விசாரிக்கச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் தீர்ப்பாயமே இலவசமாக ஏற்பாடு செய்கிறது. கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் ஊர்ச் சங்கங்களும் இந்தத் தகவலைத் தங்கள் முதியவர்களிடமும் நோயுற்றவர்களிடமும் கொண்டு சேர்க்க வேண்டும். இது பிச்சை அல்ல, சட்டம் தந்த உரிமை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டிம்ஸ் மறுஆய்வு செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. தீர்ப்பாயம் கவிழ்த்த ஒவ்வொரு முடிவும் ஏன் கவிழ்ந்தது என்று துறை பதிவு செய்து, அதை முதல் முடிவெடுப்பவருக்குத் திருப்பிக் கற்றுத்தர வேண்டும். மதிப்பீடுகள் அனைத்தும், விண்ணப்பதாரர் வேண்டாம் என்றால் ஒழிய, பதிவு செய்யப்பட வேண்டும். மறுபரிசீலனைக்கு அரசின் மீதும் காலக்கெடு வேண்டும். மேல்முறையீட்டுக் காலத்தில் பழைய தொகை தொடர வேண்டும். சட்ட உதவி திரும்ப வேண்டும். சேமிப்புத் தொகையை முன்கூட்டியே குறித்துவிட்டு எந்தத் தகுதி விதியையும் இனி மாற்றக் கூடாது.

மேல்முறையீட்டு உரிமை அருமையானது. அதை யாரும் தொடக் கூடாது. ஆனால், நோயாளி ஒருவர் மாதக்கணக்கில் போராடி வாங்கும் நீதியை, ஒரு நாகரிக அரசு முதல் நாளே தந்திருக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் மூவர் அமர்ந்து கேட்கும் அதே கேள்விகளை முதல் மேசையில் இருப்பவரும் கேட்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தை மதிக்கும் மனமும், போதிய நேரமும், பயிற்சியும் போதும். அவற்றுக்குச் செலவிட மறுத்து, தகுதிக் கோட்டை மட்டும் மறுபடி நகர்த்தினால், 2025 ஜூலை 1 அன்று நாடாளுமன்றம் சொன்னதை அரசு கேட்கவில்லை என்றே பொருள்.